எல் நீனோ ஆண்டில் சூடாகும் பசிபிக் கடல் அதிக கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுமா?

இல்லை, குறைவாகத்தான் தள்ளும். எல் நீனோ என்பது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடு, கிழக்குப் பசிபிக்கின் மேல்மட்ட நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. சூடான நீரில் வாயு குறைவாகவே கரையும் என்பது சரிதான். வெயிலில் வைத்த சோடாவைத் திறந்தாலே தெரியும். ஆனால் பசிபிக்கின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் பெரிய வேலையைச் செய்வது வெப்பநிலை அல்ல, காற்று.

சாதாரண ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் காற்று மேல்மட்ட நீரை மேற்கே தள்ளிவிடும். அந்த இடத்தை நிரப்ப, பெரு நாட்டுக் கரையிலும் நடுக்கோட்டை ஒட்டியும் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலே வரும். மேலிருந்து மூழ்கிய உயிரினக் கழிவுகள் மட்கி, நெடுங்காலமாகச் சேர்ந்த கார்பன் அதில் நிறைய இருக்கும். மேலே வந்ததும் அது காற்றில் கலக்கிறது. எல் நீனோவில் இந்தக் காற்று தளர்வதால், ஆழத்து நீர் வருவதும் குறைகிறது.

அப்படியானால் 2015, 2016 இரண்டு ஆண்டுகளிலும் ஹவாயின் மவுனா லோவா ஆய்வகம் அளந்த கார்பன் டை ஆக்சைடு அளவு ஆண்டுக்கு ஏறக்குறைய 3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 3 பங்கு) வேகத்தில் ஏறியது ஏன்? மனிதர்கள் எரித்த எரிபொருள்தான் அடிப்படைக் காரணம். கூடுதல் ஏற்றம் நிலத்தால் வந்தது: வெப்பமண்டலக் காடுகளில் வறட்சி, இந்தோனேசியாவில் கரிநிலத் தீ (பாதி மட்கிய தாவரங்கள் குவிந்த சதுப்பு நிலம் எரிவது).

மொத்தக் கணக்கில், நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்கள்தான் விழுங்குகின்றன.