வள்ளத்தை அறுக்கும் கயிறு

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் பைபர் வள்ளம் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அணியத்து (முன்பக்க) ஓரத்தில் நங்கூரக் கயிறு உரசுகிற இடத்தில் விரல் பதிகிற அளவுக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. உள்ளே நார் தெரிகிறது. பெயிண்ட் அடித்தால் போதுமா?
- வாசகர், உவரி

பதில்: பெயிண்ட் அடிக்காதீர்கள் தம்பி. நார் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை.

வெளியே பளபளக்கிற ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். தண்ணீரைத் தடுப்பது அதுதான். அது தேய்ந்துவிட்டால் கண்ணாடி நாரைப் பிடித்துக்கொண்டு கடல் தண்ணீர் உள்ளே ஊறும். மேலே பெயிண்ட் பூசினால் ஊறுவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நைலான் கயிறு இவ்வளவு மிருதுவாக இருக்கிறதே, அது எப்படி அறுக்கும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கயிற்றை மணலில் போட்டுத்தானே இழுக்கிறோம்? முறுக்குக்குள் மணலும் காய்ந்த உப்பும் புகுந்துகொண்டால் அது உப்புத்தாள்தான். போதாததற்கு நைலான் இழுபடும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வள்ளம் ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்க, கயிறு அதே இடத்தில் போய்ப் போய் வரும்.

சரி, முதலில் பள்ளத்தை அடைத்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தின் மேல் ரெசின் என்கிற பிசின் பிடிக்காது. பள்ளத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, 'மேட்' என்கிற கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் வைத்துக் கட்டுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. கடைசியில் ஜெல்கோட் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டிவிடுங்கள். சாதா ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும்.

அப்புறம் அந்த ஓரத்தில் அரைவட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை போடுங்கள். 316 ரக ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள், உப்புக்கு அதுதான் தாங்கும். பட்டையின் முனையை அரத்தால் மழுக்காவிட்டால் அது கயிற்றை அறுத்துவிடும். திருகாணித் துளை ஒவ்வொன்றிலும் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலன்ட் பசை வையுங்கள். என் முதல் வள்ளத்தில் அவசரத்தில் சீலன்ட் இல்லாமல் திருகினேன். துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, உள்ளே இருந்த மரச்சட்டம் இரண்டே வருடத்தில் கையால் கிள்ளினால் வருகிற அளவுக்கு உளுத்துப்போனது. ஓரம் முழுவதையும் அறுத்தெடுத்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

பட்டை வாங்கும்வரை கயிற்றில் உரசுகிற இடத்தில் கித்தானைச் சுற்றித் தைத்துவிடுங்கள். ரப்பர் குழாயை மாட்டுவதை விட இது மேல். உள்ளே தண்ணீர் போகும், கயிறு சூடாகாது. கரைக்கு வந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசுங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஒரு சாண் கூட்டியோ குறைத்தோ கட்டி, கித்தானையும் அதற்கேற்ப நகர்த்துங்கள்.