அம்மாவின் கோபமும் ஜப்பான் பயணமும்

கேள்வி: பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். கலாசாரப் பரிமாற்றத் திட்டத்தில் ஜப்பான் செல்லத் தேர்வாகியிருக்கிறேன். அங்கே ஓர் ஆரம்பப்பள்ளியில் நம் பண்பாட்டைப் பற்றி 40 நிமிடம் வகுப்பு எடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில், அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது, தாத்தாவை ஜப்பானியப் படையினர் சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. “அந்த நாட்டுக்கா போகிறாய்?” என்று கேட்ட அம்மா, இப்போது என்னிடம் முகம்கொடுத்துப் பேசுவதில்லை. நான் சைவம் வேறு. என்ன செய்வது?

பதில்: போய் வாருங்கள், ஆசிரியை. ஆனால் “அதெல்லாம் பழங்கதை” என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். 1942, 43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மடிந்த போர்க்கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் மாண்ட தமிழர்களில் பெரும்பாலோருக்கு அதுகூடக் கிடையாது. தகப்பன் முகம் அறியாமல் வளர்ந்தவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. புறப்படுவதற்கு முன் அவர் பக்கத்தில் உட்காருங்கள். தாத்தா எந்தத் தோட்டம், உடன் போனவர்கள் யார், பாட்டி என்ன சொல்லிப் பிள்ளைகளை வளர்த்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பயணமே இல்லாவிட்டாலும் நீங்கள் செய்யவேண்டிய வேலை இது.

பத்து வயதுப் பிள்ளைகள் மீது இந்தப் பாரத்தை இறக்கி வைக்க வேண்டாம். ஆசிரியர் அறையில் யாராவது உங்கள் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், மழுப்பாமல் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

வகுப்புக்கு வருவோம். சேலை, பரதம், தைப்பூசம், முறுக்கு என்று எல்லாவற்றையும் படவில்லைகளில் ஓடவிடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பிள்ளைகள் மனத்தில் ஒன்றுமே தங்காது. புள்ளிக்கோலம் ஒன்று போதும். கறுப்புத் தாளும் வெள்ளைப் பென்சிலும் கொடுங்கள். 3, 4, 5, 4, 3 என்று இடைப்புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முதல் சுழியைப் பலகையில் நீங்கள் வளைத்துக் காட்டினால், அடுத்ததை அவர்கள் கை தானே தேடும். அரிசிமாவைத் தரையில் கொட்டாதீர்கள். அங்கே வகுப்பறையைப் பெருக்கித் துடைப்பது மாணவர்களேதான். தோரணத்துக்கு மாவிலை கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பச்சை இலைகளுக்கு விமான நிலையத்தில் கெடுபிடி அதிகம்.

“இந்தியாவிலிருந்து வந்தீர்களா?” என்று கட்டாயம் கேட்பார்கள். வரைபடத்தில் பினாங்கைத் தொட்டுக் காட்டுங்கள். 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைச் சொல்லுங்கள். இருநூறு ஆண்டுகளாகத் தமிழ் படிக்கும் ஊர் என்று நீங்கள் பெருமையாகவே சொல்லலாம்.

சாப்பாட்டில் கவனம் தேவை. காய்கறி மட்டும் மிதக்கும் மிசோ சூப்பிலும் பெரும்பாலும் உலர்மீன் சீவலை ஊறவைத்த சாறு இருக்கும். “மீன், இறைச்சி, அவற்றின் சாறு எதுவும் வேண்டாம்” என்று ஜப்பானிய மொழியில் ஓர் அட்டை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். பருப்புப்பொடி ஒரு பொட்டலம் பெட்டியில் இருக்கட்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் மூன்று முனைப் பிளக் பொருந்தாது, தட்டையான இருமுனை அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிவிடுங்கள்.