ஒரண்டாவின் வால் கரைகிறதா? மருந்தை எடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: 45 லிட்டர் தொட்டியில் இரண்டு ஒரண்டா கோல்ட்ஃபிஷ் வளர்க்கிறேன். மூன்று மாதம் ஆகிறது. ஒன்றின் வால் ஓரம் வெள்ளையாகிப் பிய்ந்துகொண்டே வருகிறது, உள்ளே சிவப்புக் கோடுகள் தெரிகின்றன. இன்னொன்று தீனி தின்றதும் மேலே மிதந்து கவிழ்ந்துவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். மாதம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவுகிறேன். எங்கள் சம்ப்பில் போர் தண்ணீரும் கார்ப்பரேஷன் தண்ணீரும் கலந்து வரும். கடையில் நீல மருந்து கொடுத்தார்கள். எத்தனை சொட்டு விட வேண்டும்?

பதில்: இப்போதைக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். உங்கள் மீனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் துடுப்பு அழுகல். நீங்கள் சொல்லும் பராமரிப்பு முறையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

கோல்ட்ஃபிஷ் தன் உடலில் உண்டாகும் அம்மோனியாவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாகத் தண்ணீரில் விடுகிறது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஃபில்டர் ஸ்பாஞ்சில். புதுத் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்களோ மாதம் தவறாமல் அவற்றைக் குளோரின் தண்ணீரில் கழுவி அனுப்பிவிடுகிறீர்கள். அதாவது மூன்று மாதமாக உங்கள் தொட்டி புதுத் தொட்டியாகவே இருந்திருக்கிறது. போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது என்பதும் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் (காரத்தன்மை ஏற ஏற உயரும் அளவு) 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஎச் 8 ஆனால் அதே அளவு அம்மோனியாவில் சுமார் 5 சதவீதம் நஞ்சாக இருக்கும். அம்மோனியா செவுளையும் தோலின் வழவழப்புப் படலத்தையும் அரிக்கிறது. தண்ணீரில் எப்போதும் இருக்கும் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் வகை பாக்டீரியாக்கள் அதன் பிறகுதான் துடுப்பில் பற்றுகின்றன.

வாலை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுங்கள். அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். துடுப்பு என்பது விசிறிபோல் விரியும் மெல்லிய கதிர் எலும்புகளும் அவற்றுக்கிடையே உள்ள சவ்வும்தான். பிளாஸ்டிக் செடியில் மாட்டிக் கிழிந்திருந்தால் கிழிசலின் ஓரம் சுத்தமாக இருக்கும். அழுகலில் ஓரம் பால் நிறத்தில் மேடும் பள்ளமுமாக இருக்கும், சவ்வு கரைந்து கதிர்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்புக் கோடுகள் ரத்தம் கட்டிய நுண்குழாய்கள். முதுகுத் துடுப்பையும் கவனியுங்கள். நலமான மீன் அதைப் பாய்மரமாக நிமிர்த்தி வைத்திருக்கும். மடித்தே வைத்திருந்தால் மீனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை.

செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முதல் கதிரிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம், அது ஆண் மீனின் இனப்பெருக்கக் கால அடையாளம். வெள்ளைப்புள்ளி நோய் என்றால் உப்புத் தூவியதுபோல் உடம்பு, வால் எங்கும் சிதறிக் கிடக்கும். இதை அதுவென்று நினைத்து மருந்து ஊற்றுபவர்கள் நிறையப் பேர்.

இன்றே செய்ய வேண்டியது: இரண்டு மீனுக்கும் ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள், ஒன்றும் ஆகாது. அம்மோனியா, நைட்ரைட் அளக்கும் சொட்டு டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மண், அலங்காரப் பொருள் போக உங்கள் தொட்டியில் சுமார் 40 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, தினமும் 12 லிட்டர் எடுத்துவிட்டுப் புதிதாக விடுங்கள். குறைந்தது ஒரு வாரம். புதுத் தண்ணீரை வாளியிலேயே ஆன்டி குளோரின் கலந்து, தொட்டித் தண்ணீரின் வெப்பத்துக்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள். ஸ்பாஞ்சில் அடைப்பு இருந்தால் வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு அமுக்கு அமுக்கினால் போதும். இனிமேல் அது குழாயடிக்குப் போகவே கூடாது.

அடுத்து உப்பு. அயோடின் சேர்க்காத கல் உப்பு 40 கிராம், அதாவது லிட்டருக்கு 1 கிராம். தொட்டித் தண்ணீரிலேயே முழுக்கக் கரைத்து, ஃபில்டர் நீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் மீன் அதன்மேல் உரசித் தோல் வெந்துவிடும். 12 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை இதே அளவு, மொத்தம் 120 கிராம். காயம்பட்ட தோல் வழியாக நன்னீர் உடலுக்குள் புகுவதையும் உடலின் உப்பு வெளியேறுவதையும் இது குறைக்கும். நைட்ரைட் நஞ்சையும் ஓரளவு தடுக்கும். அதன் பிறகு 12 லிட்டர் மாற்றும்போது அந்த 12 லிட்டருக்கு மட்டும் 36 கிராம் சேருங்கள். ஆவியாகிக் குறைந்த தண்ணீரை நிரப்பும்போது உப்பு சேர்க்கக் கூடாது. உப்பு ஆவியாவதில்லை, அளவு ஏறிக்கொண்டே போகும். தொட்டியில் உயிருள்ள செடிகள் இருந்தால் முதலில் வெளியே எடுத்துவிடுங்கள்.

நீல மருந்து மெத்திலீன் புளூவாகத்தான் இருக்கும். பூஞ்சைக்கும், குஞ்சு பொரிக்க வைத்த மீன் முட்டைகளுக்கும் அது நல்லது. துடுப்பு அழுகலுக்கு அவ்வளவாக உதவாது, ஃபில்டர் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். மருந்துக்கடை டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் வழக்கமும் இருக்கிறது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியம் அந்த மருந்தைப் பிடித்துக்கொள்வதால் மீனுக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

மிதக்கும் மீனின் கதை வேறு. கோல்ட்ஃபிஷ்ஷுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே நீண்ட குடலுக்குப் போகிறது. இரண்டு அறைகள் கொண்ட காற்றுப்பை ஒரு சிறு குழாயால் உணவுக்குழலோடு இணைந்திருக்கிறது. ஒரண்டாபோல் உருண்டை உடம்பு இனங்களில் இவை எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. மிதக்கும் பெல்லட்டை (உருண்டைத் தீனியை) மேலே வந்து கவ்வும்போது காற்றையும் விழுங்கினால், உலர்ந்த பெல்லட் குடலுக்குள் ஊதினால், மீன் கவிழும். மூழ்கும் வகை பெல்லட்டுக்கு மாறி, ஐந்து நிமிடம் ஊறவைத்துப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளுக்கு இரண்டு வேளை. வாரம் ஒரு நாள் பட்டினி. மலம் வராமல் வயிறு உப்பியிருந்தால் தோல் உரித்து வேகவைத்த பட்டாணியைச் சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம். தீனிக்குச் சம்பந்தமில்லாமல் நாள் முழுக்கக் கவிழ்ந்தே கிடந்தால் அது காற்றுப்பைக் கோளாறாகவோ தொற்றாகவோ இருக்கலாம், பட்டாணியால் அது தீராது.

சரியான பராமரிப்பில் அழுகல் சில நாட்களில் நின்று, சில வாரங்களில் வால் வளரத் தொடங்கும். புதிதாக வளரும் ஓரம் நிறமே இல்லாமல் கண்ணாடிபோல் இருக்கும். அழுகல் திரும்பிவிட்டதென்று பதற வேண்டாம்: அழுகல் மங்கலாக இருக்கும், வளர்ச்சி தெளிவாக இருக்கும். ஓரத்தில் கறுப்பு படர்வதும் பெரும்பாலும் ஆறும் புண்ணின் நிறம்தான். ஆனால் அழுகல் துடுப்பின் அடிவரை போய்விட்டால் அந்தப் பகுதி மறுபடி முளைக்காது. ஐந்து நாளில் நிற்கவில்லை, செதில்கள் சிலிர்த்து நிற்கின்றன, கண் பிதுங்குகிறது என்றால் மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ அருகிலுள்ள மீன்வளக் கல்லூரியிலோ காட்டுங்கள்.

வால் ஆறியதும் உப்பை அப்படியே விட்டுவிட வேண்டாம். உப்பில்லாத தண்ணீரால் மாற்றி மாற்றி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். பிறகு வாரம் 25 முதல் 30 சதவீதம் மாற்றினால் போதும். 45 லிட்டர் இரண்டு ஒரண்டாவுக்குக் காணாது, குறைந்தது 110 லிட்டர் வேண்டும். புதுத் தொட்டி வாங்கும்போது இந்தப் பழைய ஸ்பாஞ்சைக் கழுவாமல் அப்படியே அதில் போடுங்கள். பாக்டீரியா சேர இன்னொரு 6 வாரம் காத்திருக்க வேண்டியிருக்காது.