மென்மையான பனிக்கட்டி, மலையை எப்படிக் குடைகிறது? லாஹுல் செல்லும் வாசகருக்கு விளக்கம்

கேள்வி: வரும் ஜூன் மாதம் குடும்பத்துடன் மணாலிக்கும், அங்கிருந்து அடல் சுரங்கப்பாதை வழியாக லாஹுலுக்கும் செல்ல இருக்கிறோம். "பனிக்கட்டியை நகத்தாலேயே கீறிவிடலாமே, அது எப்படிப் பாறையைக் குடையும்?" என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்கிறாள். பனியாறு வெட்டிய பள்ளத்தாக்கு எது, ஆறு வெட்டியது எது என்பதை வழியில் பார்த்தே கண்டுகொள்ள முடியுமா?

பதில்: உங்கள் மகளின் ஐயம் மிகவும் நியாயமானது. உறைநிலையை ஒட்டிய பனிக்கட்டியின் கடினத்தன்மை, 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 1.5 மட்டுமே, பாறைகளில் உள்ள குவார்ட்ஸுக்கோ அது 7. ஆகவே தூய பனிக்கட்டி பாறையைத் தேய்ப்பதில்லை. அதன் அடியில் உறைந்து சிக்கிய கற்களும் மணலுமே தேய்க்கின்றன. உப்புத்தாளில் மரத்தை இழைப்பது தாள் அல்ல, அதில் ஒட்டியிருக்கும் துகள் என்பதைப் போல. பனியின் பங்கு அந்தக் கற்களை இறுகப் பிடித்துக்கொண்டு நகர்வது. 200 மீட்டர் தடிமனுள்ள பனி, தன் அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் சுமார் 180 டன் எடையுடன் அமர்ந்திருக்கும். லாஹுலில் விரிவாக ஆராயப்பட்டுவரும் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் சில இடங்களில் தடிமன் 270 மீட்டர் வரை அளக்கப்பட்டுள்ளது.

பாடநூல்கள் இந்தத் தேய்ப்புக்கே முதலிடம் தருகின்றன. ஆனால் விரிசல்கள் நிறைந்த கடினப் பாறையில் அதைவிடப் பெரிய வேலையைச் செய்வது பறித்தல்தான் என்பது என் கருத்து. பனியாற்றின் அடியில் உருகுநீர் ஓடுகிறது; அந்த நீரின் அழுத்தம் ஏறி இறங்கும்போது பாறையின் விரிசல்கள் மெல்ல நீள்கின்றன; ஒருநாள் துண்டு பெயர்ந்து பனியோடு போய்விடுகிறது. பெயர்ந்த துண்டே அடுத்த பாறையைத் தேய்க்கும் கருவியாகிறது. அடித்தளத்தோடு முற்றிலும் உறைந்து ஒட்டிக்கொண்ட பனி, அதிகம் வழுக்கி நகராததால், நிலத்தை ஏறக்குறைய அரிப்பதே இல்லை.

இனி உங்கள் பயணப் பாதைக்கு வருகிறேன். மண்டியிலிருந்து மணாலி செல்லும் வழியில், பண்டோ அணைக்கும் அவுட் என்ற ஊருக்கும் இடையே பியாஸ் ஆறு குறுகிய, செங்குத்தான இடுக்கில் ஓடுகிறது. அது ஆறு அறுத்த வி வடிவப் பள்ளத்தாக்கு. (புதிய சுரங்கங்கள் அந்தக் காட்சியைப் பல இடங்களில் மறைத்துவிட்டன, பயண வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது.) ஆறு தன் படுகை அளவுக்கே அறுக்கிறது, பக்கச் சரிவுகளை மழையும் மண்சரிவும் பிறகு தளர்த்துகின்றன. பனியாறோ பள்ளத்தாக்கை அகலமாக நிரப்பி, அடியையும் பக்கங்களையும் ஒருசேர அரிப்பதால் யு வடிவம் உண்டாகிறது.

அடல் சுரங்கப்பாதையின் வடக்கு வாயிலைத் தாண்டியதும் வரும் சந்திரா பள்ளத்தாக்கில் கடைசிப் பனியுகத்தில் பனியாறு இருந்தது. சிஸ்ஸுவில் வண்டியை நிறுத்தி, ஆற்றின் எதிர்க்கரையில் விழும் அருவியைப் பாருங்கள். அது விழும் பக்கப் பள்ளத்தாக்கைக் குடைந்த கிளைப் பனியாறு சிறியது என்பதால் தாய்ப் பனியாற்றின் ஆழத்துக்குக் குடைய அதனால் இயலாது. பனி உருகிய பின் கிளைப் பள்ளத்தாக்கின் வாய் உயரத்தில் தொங்கி நிற்கிறது, நீர் அங்கிருந்து குதிக்கிறது.

சிஸ்ஸு ஊருக்கு மேலே, சாலையிலிருந்து தெரியாத உயரத்தில், கேபாங் கத் என்ற பனியாற்று ஏரி இருக்கிறது. ஆறு ஒருபோதும் மேட்டில் ஏறாது. பனியாறோ பின்னாலிருந்து வரும் பனியின் தள்ளுதலால், தான் தோண்டிய குழியிலிருந்து மேலேறியும் வெளியே வரும். அதனால்தான் பனியாறுகள் தங்கள் வாயிலைவிட ஆழமான குழிகளைத் தோண்ட முடிகிறது. பின்வாங்கும்போது அந்தக் குழிகளும், மொரைன் மேடுகள் (பனியாறு சுமந்துவந்து குவித்த கல்மண் மேடுகள்) அடைத்த பள்ளங்களும் ஏரிகளாகின்றன. 4,068 மீட்டர் உயரத்திலுள்ள கேபாங் கத், 1989இல் 36.49 ஹெக்டேராக இருந்து 2022இல் 101.30 ஹெக்டேராக விரிந்ததை இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன.

பாறைகளில் கீறல்களைத் தேடும்போது எச்சரிக்கை தேவை. பனியாற்றுக் கீறல்கள் பளபளப்பான பாறை முகத்தின் மீது ஒரே திசையில் இணையாகச் செல்லும். பாறையின் மேடுபள்ளங்களின் மீதும் ஏறி இறங்கும். நிலப்பிளவில் இரு பாறைகள் உரசியதாலும் இதேபோன்ற கோடுகள் விழுவதுண்டு. ஆனால் அந்தக் கோடுள்ள தளம் பாறைக்குள்ளேயே தொடர்ந்து செல்லும், அதன்மேல் கனிமப் படிவு படிக்கட்டுப்போல் ஒட்டியிருக்கும். ஒரு பாறைத் திட்டு ஒருபுறம் வழவழப்பாகவும் மறுபுறம் உடைந்து செங்குத்தாகவும் இருந்தால், வழவழப்பான பக்கத்திலிருந்தே பனி வந்தது என்று கொள்ளலாம். உடைந்த பக்கம் பறித்தல் நடந்த இடம்.

கற்குவியல்களிலும் ஏமாறக்கூடும். மண்சரிவில் நேர் மேலேயுள்ள மலையின் கற்களே பெரும்பாலும் கிடக்கும். மொரைனிலோ பனியாறு கடந்துவந்த பல இடங்களின் பாறைகள் பெரிதும் சிறிதுமாய், மாவுபோன்ற மண்ணோடு தரம்பிரிபடாமல் கலந்திருக்கும். அந்த மாவை நீங்களே காணலாம். சந்திரா ஆற்றின் சாம்பல் நிற நீரை ஒரு புட்டியில் பிடித்து, விடுதி அறையில் இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் படிந்திருக்கும் மெல்லிய வண்டலை விரலிடையே தேய்த்தால் மாவாகவே தோன்றும். பாறையைப் பாறை அரைத்த தூள் அதில் பெரும்பங்கு வகிக்கிறது.

நடைமுறையில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பனியாற்றின் முகப்பைப் பார்க்க நேர்ந்தால் அதன் அடியிலுள்ள குகைவாய்க்குள் குழந்தைகளை விட வேண்டாம். பனியும் கற்களும் முன்னறிவிப்பின்றி விழும். பாத்தல் வழியாகச் சந்திரதால் ஏரி வரை போக எண்ணினால், பனி உருகி ஓடைகள் பெருகும் பிற்பகலைத் தவிர்த்து அதிகாலையில் புறப்படுங்கள். அந்த ஏரி 4,250 மீட்டருக்கு மேல் இருப்பதால், மணாலியிலிருந்து ஒரே நாளில் ஏறாமல் இடையில் ஓரிரவாவது தங்கிச் செல்வது நல்லது.