மத நம்பிக்கைக்கு அரசாங்கத்தில் இடம் கொடுக்கலாமா? திருகோணமலையில் இருந்து ஒரு பதில்

"அரசாங்கத்தின் முடிவுகளில் மத நம்பிக்கைக்கு இடம் கொடுக்கலாமா? மதத்தை வீட்டோடும் கோயிலோடும் நிறுத்திவிட்டால் இந்தச் சண்டையெல்லாம் ஓயாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ஒரே மதத்துக்காரர் வாழும் தெருவில் வளர்ந்தவர் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றாலும் என் பதில் மாறாது.

நான் திருகோணமலையில் பிறந்து, இங்கேயே ஒரு அரச அலுவலகத்தில் வேலை செய்கிறவள். சைவம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் அந்தக் கிழமை முழுக்க ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு "சாமி இல்லை என்கிற கூட்டம்" என்று யாராவது வந்து எழுதுவார்கள். நான் அந்தக் கூட்டம் இல்லை.

மதம் அரசாங்கத்துக்குள் வருவதை யாராலும் தடுக்க முடியாது. வாக்குப் போடுகிறவர்கள் நம்பிக்கை உள்ளவர்கள், கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளும் அப்படித்தான். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அரசாங்கமே ஒரு மதத்தின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த மதத்திடமும் ஒரு சின்ன ஒழுங்கைக்கூடக் கேட்டு வாங்க அதற்கு முடிவதில்லை. இதை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் தெருக் கோயிலின் ஒலிபெருக்கி விஷயத்தில் நேரே பார்த்தேன்.

கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து சாதாரண தரப் பரீட்சையை, அதாவது பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையை, டிசம்பரில் இருந்து மே மாதத்துக்குத் தள்ளியிருந்த காலம். என் மகள் அந்த முறை பரீட்சை எழுதினாள். மே என்றால் பௌத்தர்களின் வெசாக், வைகாசிப் பொங்கல், அம்மன் கோயில் திருவிழா எல்லாம் ஒன்றாக வரும் மாதம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மன் கோயில். விடிய நாலரைக்கே பாட்டுத் தொடங்கும், இரவு பதினொன்று தாண்டியும் ஓயாது. மகள் காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு கணக்குச் செய்வாள். கடைசியில் அவளை உவர்மலையில் இருக்கும் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ஆனால் தெருவில் உள்ள மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

கோயில் பரிபாலன சபைச் செயலாளரிடம் போனேன். தூரத்துச் சொந்தம்தான்.

"அண்ணன், பாட்டை நிறுத்தச் சொல்லேல்ல. பிள்ளைகள் படிக்கிற நேரம் மட்டும் கொஞ்சம் குறைச்சா காணும்" என்றேன்.

"தங்கச்சி, பள்ளிவாசல்ல அஞ்சு நேரமும் பாங்கு சொல்றாங்க. புத்த விகாரையில விடியக் காலமையே பிரித் ஓதல் போடுறாங்க. அங்க போய்க் கேட்டீங்களா? எங்கட கோயில் மட்டும்தானா உங்களுக்குக் கண்ணில படுது?"

பக்கத்தில் நின்ற இன்னொருவர் சொன்னதுதான் என்னை உறுத்தியது. "இப்பிடிக் குறைச்சுக் குறைச்சுத்தான் எங்கட ஊரில ஒவ்வொண்டாப் போகுது."

திரும்பி வரும்போது மின்கம்பங்களில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். ஒன்றுகூடக் கோயில் வாசலைப் பார்த்து இல்லை. எல்லாம் ரோட்டைப் பார்த்து, அடுத்த தெருவைப் பார்த்து. சாமி கும்பிட வந்தவர்களுக்காகக் கட்டியிருந்தால் உள்ளே நாலு பெட்டி ஸ்பீக்கர் போதும். "நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம்" என்று ஊருக்கு அறிவிக்கத்தான் அந்தக் குழாய்கள். அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டிய ஊர் இது. இன்றைக்கும் கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் அந்தக் கோட்டை வாசலால், இராணுவ முகாமைத் தாண்டித்தான் போகிறார்கள். 2005 மே மாதம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே இரவில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. ஹர்த்தாலில் கடைகள் பூட்டி ஊர் முடங்கியது. சிலை எடுபடவில்லை. சைவர்கள் புனிதமாகக் கருதும் கன்னியா வெந்நீரூற்று தொல்பொருள் திணைக்களத்தின் கைக்குப் போனதும் எங்கள் கண்முன்னேதான். இதையெல்லாம் பார்த்தவர்கள் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் வேறு மாதிரித்தான் கேட்பார்கள்.

சரி, சட்டம் இருக்கிறதே என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். 2007இல் உயர் நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி அனுமதி பற்றிய வழக்கு அது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி கொடுக்கக் கூடாது, விசேஷ நாட்களுக்கு விலக்குக் கொடுப்பதென்றாலும் அயலில் குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு. எல்லா மதத்துக்கும் பொது. அன்றைக்கு இருந்த பிரதம நீதியரசர் சரத் என். சில்வா இந்த நாடு மதச்சார்பற்றது என்றே அதில் எழுதினார்.

பொலிஸ் நிலையத்தில் இருந்த அதிகாரி சிங்களவர், ஓரளவு தமிழ் பேசினார், நல்ல மரியாதை. "மிஸ், இந்தக் கடிதத்தை எடுத்தா நான் கோயிலுக்குப் போகணும். போனா நாளைக்கு 'பொலிஸ் பூசையை நிப்பாட்டினது' எண்டு பேப்பர்ல வரும்" என்றார். அப்படியென்றால் விகாரையில் போய்ச் சொல்வீர்களா என்று கேட்டேன். "அங்க போனா எனக்கு ட்ரான்ஸ்பர் வரும்" என்றார். எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் சொன்னார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

உங்கள் கேள்விக்கான பதில் அந்த மனிதரின் வாயில் இருந்து வந்தது. விகாரைக்குப் போய்ச் சொல்ல முடியாத அதிகாரி கோயிலுக்கும் போய்ச் சொல்ல முடியாது, பள்ளிவாசலுக்கும் போக முடியாது. போனால் அது ஓரவஞ்சனை ஆகிவிடும். போகாவிட்டால் சட்டம் வெறும் தாள்.

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால், 1948இல் சுதந்திரம் கிடைத்தபோது இருந்த அரசியல் யாப்பில் 29(2) என்று ஒரு பிரிவு இருந்தது. ஒரு இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் சலுகை கொடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கக் கூடாது என்றது. 1972 யாப்பில் அது போய்விட்டது, பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. 1978 யாப்பின் 9ஆம் உறுப்புரை அதைத் தொடர்ந்தது. மற்ற மதங்களுக்கான உரிமைகளும் அதே உறுப்புரையில் உறுதி செய்யப்பட்டிருக்கின்றன என்று சிலர் பதில் சொல்வார்கள். உண்மைதான், எழுதியிருக்கிறது. ஆனால் கீழ்மட்டத்தில் இருக்கிற அதிகாரிக்கு உறுப்புரையின் பின்பாதி ஞாபகம் வருவதில்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள்களைப் பாதுகாக்க என்று ஜனாதிபதி செயலணி ஒன்று வைத்தார்கள். தலைவர் பாதுகாப்புச் செயலாளர். நியமித்த 11 பேரில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தமிழ் பேசுகிறவர்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு!

அம்மா இன்னொரு கதை சொல்வார். 1966இல் இருந்து சில வருடம் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லாமல் இருந்ததாம். நிலாவின் பிறையைப் பொறுத்து மாறும் பௌத்தப் புனித நாளான போயா நாளைக் கணக்கு வைத்துக் கிழமை விடுமுறை. இந்த வாரம் செவ்வாய் என்றால் கொஞ்ச நாளில் புதன். கிறிஸ்தவர்கள் ஞாயிறு பூசைக்குப் போக லீவு போட வேண்டும். வெளிநாட்டுக் கம்பனிகள் வேலை செய்யும் நாளில் நாங்கள் பூட்டிக்கொண்டிருந்தோம். 1971இல் பழையபடி சனி ஞாயிறுக்கே வந்தார்கள். அதில் ஒரு நல்லது, மதத்தின் பெயரைச் சொல்லியே செய்தார்கள். அதனால் சரிவரவில்லை என்று பேசவும் முடிந்தது, மாற்றவும் முடிந்தது.

கொரோனாவில் நடந்தது அப்படி இல்லை. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்கும் என்று சொல்லி 2020 ஏப்ரலில் அரச வர்த்தமானி போட்டு, கொரோனாவால் இறந்த எல்லோரையும் எரிக்கச் சொன்னார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பிறந்து 20 நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைக்கூட எரித்தார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அந்த முடிவை மாற்றி, பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் முஸ்லிம் தோழி அந்த மாதங்களில் காய்ச்சல் என்றால்கூட ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார். "எனக்கு ஏதும் நடந்தா உம்மா தாங்க மாட்டா" என்பார். எரிப்பது எங்களுக்கு வழக்கம், அதனால் எங்களில் பலருக்கு அது உறைக்கவே இல்லை. "சட்டம்தானே, எல்லாருக்கும் ஒன்றுதானே" என்றார்கள். ஒரு சமூகத்தின் வழக்கம் எல்லோருக்கும் சட்டமாகும்போது, அந்தச் சமூகத்துக்கு அது மதமாகவே தெரியாது. எனக்கு இதில்தான் அதிகப் பயம்.

எங்கள் ஆட்களும் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். 2018இல் இந்த ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா என்ற நீள அங்கி உடுத்து வரக் கூடாது என்று பெற்றோர் வாசலில் நின்று கத்தினார்கள். பாடசாலைப் பண்பாடு என்றார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் பக்கம்தான் தீர்மானித்தது. அது சைவப் பெரியோர் கட்டிய பாடசாலை, அதன் வழக்கத்தை மதிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. ஆனால் சம்பளம் அரசாங்கம் கொடுக்கிறது, ஆசிரியரை நியமிப்பது அரசாங்கம். சேலை கட்டினால்தான் ஆசிரியை என்று நாங்கள் சொன்னால், நாளைக்குப் பொட்டோடு வரக் கூடாது என்று இன்னொரு இடத்தில் சொல்வார்கள். சொன்னால் எந்த வாயால் கேட்பது?

இதற்கு என்னைத் திட்டப் போகிறீர்கள், தெரியும். முஸ்லிம்களுக்கு வால் பிடிக்கிறாள் என்று ஒருவர், சிங்களவருக்கு எதிராக எழுதுகிறாள் என்று இன்னொருவர். வெசாக் கூடு பார்க்க வருடா வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவள் நான். புத்தரோடு எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கோபம் வேறு இடத்தில் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். மகள் படித்த பாடசாலையில் பத்தாம் ஆண்டில் நீண்ட காலம் கணித ஆசிரியர் இல்லை. வந்தவர் இடமாற்றம் கேட்டுப் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. எத்தனை கடிதம் கொடுத்தும் அலுவலகத்தில் மேசை மாறி மேசை. ரியூசனுக்குக் காசு கட்ட முடிந்தவர்கள் கட்டினோம். முடியாதவர்களின் பிள்ளைகள் கணிதத்தில் சித்தி இல்லாமல் நின்றார்கள். சிலைக்கு, கோபுரத்துக்கு, அபாயாவுக்கு ஊர் திரண்டு வரும். கணித ஆசிரியருக்காக ஒரு நாள் கடை பூட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இத்தனைக்கும் சமயம் கட்டாய பாடம், அவரவர் சமயத்தை அவரவர் பிள்ளைக்குப் படிப்பிக்கிறார்கள். அது நல்ல ஏற்பாடு, இருக்க வேண்டும். கணிதமும் கட்டாய பாடம்தானே?

ஒலிபெருக்கிக் கதையை முடிக்கிறேன். பொலிசில் வேலை நடக்காது என்று தெரிந்ததும், எங்கள் தெருவில் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு சபைத் தலைவர் வீட்டுக்குப் போனோம். தீர்ப்பின் நகல் கையில் இருந்தது, அதை வெளியே எடுக்கவில்லை. அவருடைய பேத்தியும் அதே பரீட்சை எழுதுகிறாள் என்று ஒரு அம்மா ஞாபகப்படுத்தினார். பரீட்சை முடியும்வரை பூசை நேரத்துக்கு மட்டும், உள்ளே இருக்கும் பெட்டி ஸ்பீக்கரில் என்று ஒத்துக்கொண்டார். எதிர்த்தெருவில் இருக்கும் முஸ்லிம் அம்மா ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தங்கள் பள்ளிவாசலில் இரவுப் பயானை, அதாவது மார்க்கப் பிரசங்கத்தை, வெளி ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று தன் கணவரை விட்டுச் சொல்லவைத்தார். அவர்களும் கேட்டார்கள். விகாரைக்கு மட்டும் யாரும் போகவில்லை. போகும் தைரியம் எங்களில் யாருக்கும் இல்லை, காரணத்தை மேலே எழுதிவிட்டேன். செயலாளர் அண்ணன் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஆகவே, மதத்தை முழுக்க வெளியே தள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாய்மார் எல்லோரும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள், அதனால்தான் அவர்கள் சொல் எடுபட்டது. அரசாங்கத்திடம் நான் கேட்பது 29(2) சொன்ன அந்த ஒரு கட்டுப்பாட்டைத் திரும்ப யாப்பில் எழுதுங்கள் என்பதைத்தான்.

நீங்கள் இலங்கையில் இருந்து, இதே சத்தத் தொல்லை இருந்தால்: ஒலிபெருக்கி அனுமதி பொலிஸ் கொடுப்பது. திருவிழாவுக்கு முன்னரே, அயலவர்கள் சேர்ந்து கையெழுத்து வைத்து, 2007 தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பொறுப்பதிகாரிக்கு எழுதுங்கள். பிரதி ஒன்றை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்புங்கள். திருகோணமலையிலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. எல்லா மத இடங்களையும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள், ஒன்றை மட்டும் எழுத வேண்டாம்.