கொடுமணல் போனால் என்ன பார்ப்பது? கொங்கு நாட்டுத் தொல்லிடங்களுக்கு இரண்டு நாள்

கேள்வி: கோபியிலிருந்து எழுதறேனுங்க. பையன் எட்டாவது படிக்கிறான். கொடுமணல், கரூர் வஞ்சின்னு பாடத்துல படிச்சுட்டு "நம்ம ஊர்ப் பக்கத்துலயே பழைய நகரம் இருக்குதாமா, கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னு கேக்கறான். அரையாண்டு லீவுல கார்ல ரெண்டு நாள் போலாம்னு இருக்கறோம். அம்மாவுக்கு 66 வயசு, முட்டிவலி. எங்க பங்காளி ஒருத்தரு போயிட்டு வந்து "அங்க ஒண்ணுமே இல்லை, வெறுங்காடு"ங்கறாரு. போறது வீணுங்களா? போனா எங்கெங்க, எந்த வரிசையில போகோணும்?

பதில்: உங்கள் பங்காளி சொன்னது உண்மைதான். ஹம்பி மாதிரி மண்டபமும் கடைவீதியும் நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனவர் எவரும் கொடுமணலில் அதைத்தான் சொல்வார். ஹம்பியின் கட்டடங்கள் கல்லில் எழுந்தவை, பெரும்பாலும் 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலானவை. கொடுமணல் அதைவிட ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு மேல் பழையது. அங்கே வீடுகள் மண்ணும் மரமும் கூரையுமாக இருந்தன. அவற்றில் மிஞ்சியது மிதித்து இறுகிய தரையும் கம்பம் நட்ட குழிகளும்தான். அகழாய்வு முடிந்ததும் அந்தக் குழிகளையும் மண் போட்டு மூடிவிடுவார்கள். வெயிலும் மழையும் படத் திறந்து வைத்தால் மண்ணடுக்கு சரிந்து, மிச்சமும் போய்விடும். அதனால் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு புதுவைப் பல்கலைக்கழகமும், இந்தியத் தொல்லியல் துறையும், 2020இல் மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டிய இடங்களில் இன்று நீங்கள் பார்ப்பது சோளக்காடாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருக்கும்.

ஆனால் செத்தவர்களுக்குக் கல்லில் கட்டினார்கள். அது நிற்கிறது. கொடுமணலுக்குப் போவது ஈமக்காட்டைப் பார்க்கத்தான். இதைப் பையனிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்; பாதி ஏமாற்றம் அங்கேயே குறைந்துவிடும்.

கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்கமாட்டார்கள். வியாழன் கிளம்பி வெள்ளி கரூரில் நின்றால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும். சனிக்கிழமை கொடுமணல், ஞாயிறு கரூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பட்டியலில் அருங்காட்சியகம் இல்லாததால் அது இரண்டாவது சனியாக இருந்தாலும் பாதகமில்லை.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கோபியில் கிளம்பி, குன்னத்தூர், விஜயமங்கலம் வழியாகத் தெற்கே இறங்கினால் நொய்யலின் வடகரையில் கொடுமணல். எட்டு மணிக்குள் அங்கே இருப்பது நல்லது. வெயிலுக்கு மட்டும் சொல்லவில்லை. வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் தரையோடு தரையாகக் கிடக்கும் கல்வட்டம் நிழலோடு எழுந்து தெரியும். பதினொரு மணிக்கு அதே இடத்தில் நின்றால் வெறும் கற்கள் சிதறிக் கிடப்பது போலிருக்கும். பங்காளி எத்தனை மணிக்குப் போனார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஊருக்குள் "அகழாய்வு செஞ்ச இடம்" என்று கேட்பதைவிடப் பழைய கல்குழிகள் இருக்கும் காடு எது என்று கேளுங்கள். கொங்கில் பல ஊர்களில் இவற்றைப் பாண்டியன் குழி என்பார்கள். பெரும்பாலும் இது பட்டா நிலம் என்பதை மறக்க வேண்டாம். காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். கிளுவை வேலியில் படலைத் திறந்தால் உள்ளே போனதும் மூடிவிடுங்கள். திறந்து போட்டுப் போகிறவர்களால் மாடு ரோட்டுக்கு வந்துவிடுகிறது. அடுத்து வருகிறவர்களை உள்ளே விடவே யோசிக்கிறார்கள்.

என்ன பார்க்க வேண்டும் என்பதற்கு வருவோம். முதலில் வட்டமாகப் பதித்த உருண்டைக் கற்களைத் தேடுங்கள். அதுதான் கல்வட்டம், கல்லறையின் எல்லை. அதற்குள் சிறு கற்களைக் குவித்தது கற்குவை. குவியல் கலைந்த இடத்தில் நடுவே, பலகை போன்ற கற்களை நான்கு பக்கமும் நிறுத்திச் செய்த பெட்டி தெரியும், அது கற்பதுக்கை. மேலே போட்ட பெரிய பலகை மூடுகல். நிறுத்திய பலகைகளில் ஒன்றில் துளை இருந்தால் நின்று பாருங்கள். இடுதுளை என்பது அதுதான். ஆள் நுழைய முடியாத அளவு. சில பதுக்கைகளில் உள்ளே இன்னொரு பலகை வைத்து அறை பிரித்திருப்பார்கள். இவற்றோடு தனியாக உயர்ந்து நிற்கும் நெடுங்கல்லும் உண்டு. பையன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரே ஒரு கல்வட்டத்தைக் காலடியால் அளந்து, திசை குறித்து, படம் வரையச் சொல்லுங்கள். இருபது கல்லறையைச் சுற்றி ஓடுவதைவிட ஒன்றை அரை மணி நேரம் பார்த்தால் அமைப்பு பிடிபடும்.

அடுத்து, காலடியில் கிடக்கும் பானை ஓடு. உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. இரண்டு சாயம் பூசியதில்லை. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் கறுக்கிறது. வெளியே காற்றுப் படும் பக்கம் சிவக்கிறது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வையுங்கள். இப்படிப்பட்ட ஓடுகளில்தான் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஆள்பெயர்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

கல்மணிதான் இந்த ஊரின் தொழில். படியூரின் பச்சைக்கல், சிவன்மலைப் பக்கத்து நீலக்கல், பளிங்கு எல்லாம் சுற்றுவட்டாரத்துச் சரக்கு. சூதுபவளம் என்ற செந்நிறக் கல்மணிக்கு மூலக்கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது. ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள் எடுத்திருக்கிறார்கள். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற ஊரின் அருங்கலம் பேசப்படுகிறதே, அது இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. இரும்பு உருக்கிய உலையும் இங்கே வெளிப்பட்டது. காட்டில் கனமான, துளைதுளையான கருங்கட்டி கிடந்தால் அது உருக்கியபோது கழிந்த இரும்புக் கசடாக இருக்கலாம்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மேல்மண் கழுவி மணி ஒன்றிரண்டு பளபளப்பது உண்டு. பையன் கண்ணில் பட்டால் பாக்கெட்டில் போடத்தான் தோன்றும். மணி எந்தக் குழியில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரிந்தால்தான் ஆய்வாளருக்குப் பயன். எடுத்துக்கொண்டு போனபின் அது வெறும் கல். நூறாண்டு தாண்டிய தொல்பொருளுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. படம் எடுத்து, போனில் இடத்தைக் குறித்து, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு அனுப்பினால் போதும்.

ஒன்றரை மணி நேரம் இங்கே சரியாக இருக்கும். செருப்பு வேண்டாம், கெட்டி அடி வைத்த ஷூ போடுங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் காரிலேயே இருக்கட்டும். அம்மா சமதரையில் நடக்கலாம், குச்சி ஒன்று கையில் இருந்தால் நல்லது. நொய்யலைக் கரையில் நின்று பாருங்கள், இறங்க வேண்டாம். திருப்பூர்ச் சாயக்கழிவைப் பல ஆண்டுகள் சுமந்த ஆறு அது. பிள்ளைகள் காலை நனைக்கிற தண்ணீர் கிடையாது.

அங்கிருந்து வடக்கே வந்த வழியிலேயே திரும்பி விஜயமங்கலம். வரும்போதே பார்த்திருக்கலாமே என்று தோன்றும். காலை வெளிச்சத்தைக் கொடுமணலுக்குக் கொடுக்கத்தான் இந்தச் சுற்று. ஊரை ஒட்டிய மேட்டுப்புதூரில் சந்திரபிரபர் சமணக் கோயில் இருக்கிறது. நெட்டைக் கோபுரம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். உள்ளே புள்ளப்பை என்ற பெண்ணின் நினைவாக ஒரு நிசீதிகைக் கல்வெட்டு உண்டு. நிசீதிகை என்பது உண்ணாநோன்பிருந்து உயிர் விட்டவருக்கு எழுப்புவது. சிரவணபெளகொளாவில் கோமதேசுவரரை நிறுத்திய சாமுண்டராயரின் தங்கை அவர். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம். பூட்டியிருந்தால் பக்கத்தில் காவலரைக் கேளுங்கள். அம்மாவுக்கு ஏற ஒன்றுமில்லை, நிழலும் இருக்கும்.

பெருந்துறை வழியாகச் சென்னிமலையில் மதியச் சாப்பாடு. போர்வை வாங்குவதென்றால் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். மலைக்கோயில் 1,320 படி. இன்றைக்கு வேண்டாம், கால் அறச்சலூருக்கு வேண்டும்.

மூன்றரை மணிக்கு அறச்சலூர் நாகமலை. அங்கே ஆண்டிப்பாறைக் குகைத்தளத்தில் இருப்பது இசை அல்லது கூத்துக் கல்வெட்டு. புலவர் செ. இராசு கண்டறிந்து வெளிக்கொண்டு வந்தது. வரிக்கு ஐந்தெழுத்தாக ஐந்து வரி, த, தை, தா, தே என்ற எழுத்துகள் மட்டும். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், எப்படி வாசித்தாலும் அதே வரிசை வரும். எழுத்தைப் புணர்த்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பெயரும் பொறித்திருக்கிறது. காசையும் மணியையும் சோதித்துத் தரம் சொல்கிறவன் வண்ணக்கன். காலையில் மணி செய்த ஊரைப் பார்த்தவனுக்கு மாலையில் அதைச் சோதிப்பவன் பெயர். அதற்காகவே இந்த இரண்டையும் ஒரே நாளில் வைத்தேன்.

வழி கரடுமுரடு. அம்மா கீழேயே இருக்கட்டும். பக்கத்து ஓடாநிலையில் தீரன் சின்னமலை மணிமண்டபம் இருக்கிறது, காரில் போய் உட்காரலாம். பாறையில் எழுத்து ஆழமில்லை. நேராக டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது. போன் வெளிச்சத்தைப் பாறையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள், எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழுந்து வடிவம் வரும். சாக்பீஸ், மாவு, தண்ணீர் எதையும் தேய்க்கக் கூடாது. சாக்பீஸ் தேய்ப்பவர் எழுத்து இருக்கும் இடத்தில் தேய்ப்பதில்லை, தான் எழுத்து என்று நினைக்கும் இடத்தில் தேய்க்கிறார். அடுத்தவர் அதையே படம் எடுத்துப் போகிறார். பாறை இடுக்கில் தேனடை இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். சென்ட் அடித்துக்கொண்டு போக வேண்டாம். ஐந்தரைக்குள் இறங்கி, இரவு ஈரோட்டில் தங்கலாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஈரோட்டிலிருந்து கொடுமுடிச் சாலை. கொடுமுடி தாண்டி, நொய்யல் காவிரியில் கலக்கும் இடத்தில் ஊர்ப் பெயரே நொய்யல்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டுத் துறைமுகத்திலிருந்து கரூருக்கும், அங்கிருந்து பூம்புகாருக்கும் போன பழைய பெருவழி இந்த ஆற்றை ஒட்டியே வந்தது. நேற்றும் இன்றும் நீங்கள் ஓட்டுவது ஏறக்குறைய அதே தடத்தில்தான் என்று பையனிடம் சொல்லலாம்.

அடுத்தது வேலாயுதம்பாளையம், புகளூர் ஆறுநாட்டார் மலை. மேலே முருகன் கோயில். சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் பாறையோரமாக இருக்கின்றன; நேரே படியேறிக் கோயிலுக்குப் போய்விட்டால் தவறிவிடும், கீழேயே வழி கேளுங்கள். இங்குள்ள தமிழிக் கல்வெட்டு கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரரை வரிசையாகச் சொல்கிறது. பேரன் இளவரசன் ஆனபோது யாற்றூர் செங்காயபன் என்ற துறவிக்கு வெட்டிக் கொடுத்த உறைவிடம். தமிழி தெரியாதவரும் ஓர் எழுத்தைப் பிடித்துவிடலாம்: "க" அப்படியே கூட்டல் குறி மாதிரி இருக்கும். கடுங்கோ என்பதில் இரண்டு "க" வரிசை. பின்னது "கோ" ஆனதால் கூட்டல் குறிக்குப் பக்கத்தில் சிறு கோடுகள் சேரும். அந்த இரண்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கிடைத்துவிட்டால் பையனைக் கீழே இறக்குவதுதான் கஷ்டம்.

பத்தரைக்குக் கரூர். முதலில் பசுபதீசுவரர் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள். பிறகு அரசு அருங்காட்சியகம். பழைய கரூர் இன்றைய கரூருக்கு அடியில் இருக்கிறது, அதனால் தெருவில் தேடிப் பயனில்லை. அமராவதி ஆற்று மணலில்தான் ரோமானியக் காசுகளும், மாக்கோதை, கொல்லிரும்பொறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் அகப்பட்டன. காசுகள் சிறியவை, ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்கள். கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தே பார்க்கலாம். சேரர் தலைநகரான வஞ்சி என்பது கரூரா, கேரளத்துக் கொடுங்கல்லூரா என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. புகளூர்க் கல்வெட்டையும் இந்தக் காசுகளையும் பார்த்தவர்கள் கரூர் பக்கம் சாய்வதில் ஆச்சரியமில்லை. எனக்கும் அந்தப் பக்கம்தான்.

திரும்பும்போது நான்கு மணிக்கு மேல் கொடுமுடி மகுடேசுவரர் கோயிலை வையுங்கள். இரண்டு நாளும் கல்லையும் ஓட்டையும் பார்த்துக்கொண்டு கூடவே வந்த அம்மாவுக்காக அந்த ஒரு மணி நேரம். காவிரியில் தண்ணீர் கூடுதலாகப் போனால் படித்துறையோடு நின்றுகொள்ளுங்கள்.