துருக்கம்பி குத்தியதைக் கடைசியிலா எழுதுவது?

மகளுக்கு வவுனியாவில் போடவிருக்கும் நியூமோகொக்கல் (நிமோனியாக் கிருமி) தடுப்பூசியில் 'மரபணு மாற்றிய தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா) நஞ்சு' இருப்பதாக இணையத்தில் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வயல் வேலியைப் பிரிக்கையில் துருப்பிடித்த முட்கம்பி பாதத்தில் ஆழமாக ஏறியதும், மஞ்சள் வைத்துக் கட்டி அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லிக் குளிசை விழுங்குவதும், 2009 இடப்பெயர்வில் உங்கள் தடுப்பூசி அட்டை தொலைந்ததும் கடைசி மூன்று வரிகளில். என்னைப் பயமுறுத்துவது அந்த மூன்று வரிகள்தான்.

மகளின் விடயம் எளிது. அந்தப் புரதத்தின் பெயர் சி.ஆர்.எம். 197. தொண்டைக்கரப்பன் நஞ்சிலுள்ள 535 அமினோ அமிலங்களில் 52ஆவது மட்டும் மாறியிருக்கிறது. கலத்தைக் கொல்லும் வேலை அதோடு போயிற்று. நியூமோகொக்கஸ் கிருமியின் சர்க்கரைப் போர்வையைத் தனியே கண்டால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் சட்டை செய்யாது. இந்தப் புரதத்தோடு பிணைத்துக் கொடுத்தால்தான் விழித்துக்கொள்ளும். இது புரதம், மகளின் மரபணுவை இதனால் மாற்ற முடியாது. ஊசி போட்ட தொடை வீங்கலாம், இரவில் காய்ச்சலும் வரலாம். நிறைக்கேற்ற அளவில் பனடோல் போதும்.

இனி உங்கள் கால். ஏற்புவலி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் மாட்டெரு கலந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயம் கிடைத்தால் அங்கே முளைத்து நஞ்சைக் கக்கும். அமொக்சிசிலின் அந்த நஞ்சை முறிக்காது. யாரைக் கேட்டு விழுங்குகிறீர்கள்? அட்டை இல்லையென்றால் ஏற்பு ஊசியே போடாதவர் என்றுதான் வைத்தியர்கள் நாங்கள் எடுத்துக்கொள்வோம். போர்மலின் என்ற இரசாயனத்தால் செயலிழக்க வைத்த அதே நஞ்சுதான் ஏற்பு ஊசி. ஆனால் முன்பு போடாதவருக்கு அது வேலை செய்ய வாரங்கள் எடுக்கும்; அதனால் உடனடிக் காப்புக்கு இம்யூனோகுளோபுலின் என்ற, நஞ்சை முறிக்கும் ஆயத்த எதிர்ப்புப் புரத ஊசியும் தேவை. நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சின் அளவு, எதிர்ப்பு உருவாக்க உடலைப் பழக்கப் போதாத அளவுக்குச் சிறியது.

பெரும்பாலும் காயம்பட்ட 3 முதல் 21 நாட்களுக்குள் தெரியும். முதலில் தாடை. காலையில் பல் துலக்க வாய் முழுதாகத் திறக்காது. பல்வலி என்று நினைத்து ஒரு குளிசையோடு அன்றைய நாளைக் கழித்துவிடுவார்கள். அடுத்துக் கழுத்து விறைக்கும், விழுங்குவது சிரமமாகும்.

இதைப் படித்ததும் மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்க் காயத்தைத் திறந்து கழுவச் சொல்லுங்கள், இரண்டு ஊசிகளையும் கேளுங்கள். தாடை ஏற்கெனவே இறுகத் தொடங்கியிருந்தால் மோட்டார் சைக்கிளைத் தொடாதீர்கள். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.